இரண்டாவது வெளிச்சம்

முயலம்மா என்ற பெயரைத் தொலைதூரத்தில் இருந்த பெரியக்கா முதன்முதலில் கேட்டது தொலைபேசியில். கடைசித் தம்பிக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. பேருந்து ஓட்டும் நடுத்தம்பி, பேச்சோடு பேச்சாக, "முயலம்மா இன்னைக்கு லீவு போட்டிருக்கா" என்றான்.

"யாருடா அது, புதுசா?"

"நம்ம சின்னவன் பொண்டாட்டிதான். படம் ஒண்ணு அனுப்பியிருக்கோம். வந்ததும் நீயே பாரு, ஏன்னு கேட்கமாட்டே."

படம் வந்தது. தம்பிகள் புதுவீட்டுக்குக் குடிவந்த அன்று, பொழுது சாய்ந்தபின் கூடத்தில் சின்னவன் பொண்டாட்டி எடுத்தது. பதினாறு பேர் நின்றார்கள். பெரிய சித்தப்பா, அவருடைய மூத்த சம்சாரத்து மகள், அந்த மகளின் கொழுந்தன், அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை, அவள் இடுப்பில் மகள் வயிற்றுப் பேத்தி என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் கண் செக்கச்செவேல் என்றிருந்தது. வெள்ளை முயல்களுக்குச் சட்டை மாட்டி வரிசையாக நிறுத்தியது போல. பெரியக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு தொலைவிலிருந்து படம் கேட்டிருந்தாள். அங்கேயும் இரண்டு நெருப்புப் பொட்டு. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

முயலம்மா கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். மூக்கில் நிற்கமாட்டேன் என்கிறது என்று வருகிறவர்களுக்குக் காதுக்கம்பியைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பாள். சோப்புக்கட்டி அளவில் ஒரு டிஜிட்டல் கேமராவைத் தன் சம்பளத்தில் ஆசைப்பட்டு வாங்கியிருந்தாள். பட்டப்பெயர் வைத்த நடுத்தம்பிமேல் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கடையின் பின்னறையில் கண் பரிசோதிக்க வரும் டாக்டரம்மாவை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெரியக்காவுக்கே போன் போட்டாள்.

"அண்ணி, இருட்டுல கண்ணுப் பாப்பா திறந்துபோட்ட கதவு மாதிரி விரிஞ்சு கிடக்குதாம். சின்னக் கேமராவுல லென்ஸும் பிளாஷும் ஒட்டி ஒட்டி இருக்கு. வெளிச்சம் நேரா உள்ள போய், உள்ள இருக்கிற ரத்தச் செவப்பைக் கூட்டிக்கிட்டு வந்த வழியே திரும்பிடுது."

"அதுக்கு என்னம்மா பண்றது?"

"கேமராவுலயே ஒரு ஏற்பாடு இருக்கு. முதல்ல சும்மா ஒரு வெளிச்சம் அடிக்கும். பாப்பா கூசிச் சுருங்கிக்கும். ரெண்டாவது வெளிச்சத்துலதான் படம்."

பெரியக்காவிடம் இத்தனை விளக்கமாகச் சொன்னவள், வீட்டாரிடம் சொல்ல மறந்துபோனாள். சின்னவனின் பிறந்தநாளன்று எல்லோரையும் நிறுத்தினாள். முதல் வெளிச்சம் அடித்தது. படம் முடிந்தது என்று எல்லோரும் கலைந்தார்கள். இரண்டாவது வெளிச்சத்தில் சித்தப்பாவின் முதுகும், நடுத்தம்பியின் கொட்டாவியும், யாரோ ஒருத்தியின் பின்னலும் பதிந்தன. கண் சிவக்கவில்லைதான். சிவக்க அதில் கண்ணே இல்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது. முதல் வெளிச்சம் பொய், இரண்டாவது வரும்வரை மூச்சுக்கூட விடக்கூடாது.

ஊரைவிட்டுப் போய்ப் பதினோரு வருஷத்துக்குப் பிறகு பெரியக்கா ஊருக்கு வந்தாள். வந்ததும் வாய்விட்டுக் கேட்டது ஒன்றுதான்: "அம்மாவோட நாங்க மூணு பேரும் இருக்கிற மாதிரி ஒரு படம். அம்மா கண்ணு அம்மா கண்ணா இருக்கணும்." ஆனால் நடுத்தம்பி தொலைதூர வண்டியில் போயிருந்தான். அவன் திரும்பியது பெரியக்கா கிளம்பும் நாள் காலையில். அவளுக்கு வண்டி இரண்டு மணிக்கு. வந்தவன் வீட்டில் தங்காமல், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இன்றைக்குத்தான் கண் காட்டச் சொல்லி நாள் கொடுத்திருந்தார்களாம்.

திரும்பும்போது மணி ஒன்றேகால். அவசர அவசரமாகக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பொய் வெளிச்சம், நிஜ வெளிச்சம், இரண்டும் அடித்தன. கேமராவின் பின்பக்கம் பார்த்தார்கள். எல்லோர் கண்ணும் கறுப்பு. அம்மாவுடையது மட்டும் கனல்.

"அம்மா, இப்ப முயல் நீ ஒருத்திதான்!" என்றான் நடுத்தம்பி.

பெரியக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "சிரிக்காதடா எருமை. நான் இன்னும் எத்தனை வருஷம் கழிச்சு வருவேனோ."

முயலம்மா அம்மாவின் மோவாயை நிமிர்த்திக் கண்ணுக்குள் பார்த்தாள். "அத்தை, ஆஸ்பத்திரியில சொட்டு மருந்து விட்டாங்களா?"

"விட்டாங்கடி. எல்லாம் பஞ்சடைச்ச மாதிரி தெரியுது. உன் மூக்கு எதுன்னு தெரியல."

"பாப்பா விரியுறதுக்கு விட்ட மருந்து. சாயங்காலம் வரைக்கும் எந்த வெளிச்சத்துக்கும் சுருங்காது. ஏன் அத்தான், இன்னைக்கேவா கூட்டிட்டுப் போகணும்?"

"வண்டியைத்தான் நான் ஓட்டுவேன், ஆஸ்பத்திரியையுமா ஓட்டுறேன்? அவங்க சொன்ன நாள்!"

முயலம்மா அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பார்த்தாள். அம்மா கூசிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மணி ஒன்றரை. முயலம்மா நகத்தைக் கடித்தபடி ஒரு சுற்று நடந்தாள். பிறகு கட்டிலில் கிடந்த வெள்ளை விரிப்பை உருவி ஜன்னலுக்குக் குறுக்கே கட்டினாள். கூடம் முழுக்கப் பால் ஊற்றியது போலாயிற்று. அம்மா மெல்லக் கண்ணைத் திறந்தாள். முயலம்மா இஸ்திரி மேசையின்மேல் மூன்று மாவு டப்பாவை அடுக்கி, உச்சியில் கேமராவை வைத்து, எதையெதையோ அமுக்கினாள்.

"சட்டம் தெரியுமில்ல? ரெண்டாவது வெளிச்சம் வரைக்கும் யாரும் அசையக்கூடாது."

ஓடிவந்து மாமியாரின் காலடியில் உட்கார்ந்தாள். கேமராவின் முன்னால் சின்ன விளக்கு ஒன்று மினுக்கி அடங்கியது. அதுதான் பொய் வெளிச்சம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கல்லாய்ச் சமைந்து காத்திருந்தார்கள். சின்னவனின் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்து, சலித்துப்போய் எழுந்துபோயிற்று.

நடுத்தம்பி உதட்டை அசைக்காமல், பல்லிடுக்கில் கேட்டான்: "ரெண்டாவது எப்பம்மா வரும்?"

"வராது அத்தான். பிளாஷை அணைச்சுட்டேன். படம் எடுத்து ஒரு நிமிஷம் ஆச்சு."

"அடிப்பாவி! முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"பிளாஷ் இல்லேன்னா படம் விழ நேரம் எடுக்கும். அசைஞ்சா கலங்கிடும். சொல்லியிருந்தா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா?"

கூடமே கொல்லென்று சிரித்தது. அம்மாவுக்குப் புரை ஏறியது. முயலம்மா கேமராவை எடுத்துப் பெரியக்காவின் கையில் வைத்தாள். மூன்று பேரும் தெளிவாக இருந்தார்கள். நடுவில் அம்மா. மருந்தில் விரிந்த பாப்பா இரண்டும் பெரிதாய், நாவல்பழமாய், வயதில் இருபது குறைந்தது போல்.

"என் கண்ணா இது?" என்று அம்மா மங்கலான பார்வையோடு படத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"உன் கண்ணுதாம்மா" என்றாள் பெரியக்கா. முயலம்மாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சின்னவன் கடைக்கு ஓடிப்போய்ப் படத்தை அச்சுப் போட்டு வந்தான். வண்டி புறப்பட ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏறி உட்கார்ந்தாள் பெரியக்கா.

முயலம்மா இப்போதும் அதே கண்ணாடிக் கடையில்தான் இருக்கிறாள். கண்ணாடி மூக்கில் நிற்கவில்லையென்றால் போய்ப் பாருங்கள், வாசலிலிருந்து இரண்டாவது மேசை அவளுடையது.