கதவில் ஒட்டிய முகம்

ஒஸ்லோவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவருக்கு இரண்டு முகம். ஒன்று அவருடையது. மற்றது அரசாங்கம் வாசற்கதவில் ஒட்டச் சொல்வது. சோதனைக்கு வருகிற அதிகாரி சமையலறையைக் கிண்டிக் கிளறிப் பார்த்துவிட்டு, சிரித்த முகமோ, கோடு போட்ட வாயோ, வாய் கவிழ்ந்த முகமோ ஏதாவது ஒன்றைத் தந்துவிட்டுப் போவார். அதை வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் தெரியும்படி மாட்டவேண்டும். கழற்றக் கூடாது.

நகரின் ஸ்டோவ்னர் பகுதியில் தில்லைநாதனின் கடைக் கதவில் வருடக்கணக்காகச் சிரித்த முகம்தான் இருந்தது. அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரி அவருடைய மனைவி புஷ்பமலர். அவர் சமைப்பதோடு சரி. தேய்ப்பது, துடைப்பது, பிரிட்ஜ் குளிர்கிறதா என்று பார்ப்பது, கை கழுவாமல் கத்தியைத் தொட்டால் ஏசுவது எல்லாம் அவள். சனம் அவருடைய கைப்பக்குவத்தைப் புகழும். துடைப்பவளை யார் புகழ்ந்தார்கள்?

போன மாரியில் புஷ்பமலருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. தில்லைநாதன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக நாயாய் அலைந்தார். அப்படி அலைகிற மனிதர் அரிசி மூட்டைக்குப் பின்னால் குனிந்து பார்ப்பாரா? அதிகாரி குனிந்து பார்த்தார். எலிப் புழுக்கை கிடந்தது. பிரிட்ஜும் சரியாகக் குளிரவில்லை. வாய் கவிழ்ந்த முகம் கதவில் ஏறியது. அநியாயம் என்று சொல்ல ஒன்றுமில்லை, அந்த முகம் பொய் சொல்லவில்லை.

பொய் சொல்லாததை ஊர் முழுக்கப் பரப்பத்தான் மகேந்திரராசா இருந்தாரே. கடை திறந்த காலத்திலிருந்து அங்கே கொத்துரொட்டி தின்று வளர்ந்த வயிறு அவருடையது. கதவைப் படம் பிடித்து, ‘எல்லாரும் கவனம்’ என்று ஒரு வரியும் எழுதி, வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். பொழுது சாய்வதற்குள் அது பக்கத்து நகரமான திராமன் வரைக்கும் போய்விட்டது.

தில்லைநாதன் கடையைப் பூட்டிவிட்டுச் சுவர் சுவராகத் தேய்த்தார். புதுப் பிரிட்ஜ் வாங்கினார். அதிகாரி திரும்பி வந்து பார்த்து, குறையெல்லாம் தீர்ந்தது, சிரிப்பு அடுத்த முழுச் சோதனையில்தான் என்று கவிழ்ந்த வாயைக் கோடாக நிமிர்த்திவிட்டுப் போனார். கதவில் முகம் மாறியது. தொலைபேசிகளில் மாறவில்லை. பிறந்தநாள் ஓடர் நின்றது, பெரியபிள்ளையானவர்களின் சாமத்தியவீட்டு ஓடரும் நின்றது. வழியில் கண்டவர்கள் புஷ்பமலரின் சுகத்தை உருக்கமாக விசாரித்தார்கள், கடைப்பக்கம் மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் புஷ்பமலர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். மகள் யதுர்ஷாவும் கட்டிலருகே நின்றாள்.

“இஞ்சேருங்கோ, என்ரை அந்தியேட்டிக்கு வெளியில சாப்பாடு எடுக்காதேங்கோ. நீங்கள் சமைச்சு எல்லாரும் சாப்பிடவேணும். அப்பதான் என்ரை மனம் ஆறும்.”

“ஓம்,” என்றார். வேறு என்னத்தைச் சொல்வது?

புஷ்பமலர் கண்மூடிய முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியைக்கு அம்மருட் பகுதியில் மண்டபம் எடுத்திருந்தார்கள். கிரியை முடிந்ததும் வந்தவர்கள் இருந்து சாப்பிட்டுப் போகவேண்டும். சாப்பிடாமல் எழுந்து போவதைப்போல ஒரு அவமானம் அந்த வீட்டுக்கு வேறில்லை. தில்லைநாதன் விடியுமுன் கடைக்குப் போய்த் தன் கையாலேயே எல்லாம் சமைத்தார். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பாயாசம், எல்லாம் அவளுக்குப் பிடித்தவை. சட்டிகளை மண்டபத்துக் குசினியில் யதுர்ஷாவிடம் ஒப்படைத்துவிட்டு ஐயருக்கு முன்னால் போய் இருந்தார். இருந்தாரே தவிர, ஒரு மந்திரமும் காதில் விழவில்லை. சாப்பிடுவார்களா? விரதம், வேலை என்று சாக்குச் சொல்லிவிட்டு நழுவிவிடுவார்களா? புஷ்பமலரின் படத்தை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது.

சாப்பிட்டார்கள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. மகேந்திரராசா இரண்டாம் தரமும் சோறு போடுவித்து, ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தார்.

“நல்ல திறமான சாப்பாடு, அண்ணை. அக்காவுக்கு மனம் நிறைஞ்சிருக்கும்.”

அந்தப் படத்தைப் பரப்பியவர் அவர்தான் என்று தெரிந்தும், தில்லைநாதன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். அவள் கேட்டதைச் செய்து முடித்துவிட்டேன் என்று நெஞ்சு லேசாகிப் போனது.

எல்லாரும் போனபிறகு தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு இருந்தார். பால்கறியில் ஒரு வாய் வைத்தார். அவர் பெருஞ்சீரகத்தைக் கறி இறக்கும்போதுதான் தூவுவார். இதில் அது தாளிதத்திலேயே கருகியிருந்தது. தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனார். அவருடைய சட்டிகள் மேசைக்குக் கீழே மூடி சரிந்து, ஓர் அகப்பை மட்டும் குறைந்து, நிறைந்தபடி இருந்தன. மேசைக்கு மேலே திராமன் கடையொன்றின் வெறும் பெட்டிகள் கிடந்தன.

“அப்பா,” என்றாள் யதுர்ஷா. முகத்தைப் பார்க்கவில்லை. “நேற்று முழுக்க ‘ஆர் சமையல், ஆர் சமையல்’ எண்டு எனக்கு மெசேஜ் போட்டவை. உங்கடை சமையல் எண்டா ஒருத்தரும் கை வைக்கமாட்டினம். அம்மான்ரை நாளில எல்லாரும் எழும்பிப் போனா நீங்கள் தாங்கமாட்டியள். அதுதான் அதே கறியளைத் திராமனில எடுத்தனான்...”

தில்லைநாதன் குனிந்து ஒரு சட்டியின் மூடியைச் சரியாக மூடினார்.

“அம்மான்ரை படையலை மட்டும் நான் மாத்தேல்லை, அப்பா. அது நீங்கள் சமைச்சதுதான்.”

அவர் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். புஷ்பமலரின் படத்துக்கு முன்னால் வாழையிலையில் அவருடைய சோறும் கறியும் ஆறிப்போய்க் கிடந்தன.

“ஓம் பிள்ளை,” என்றார். “அவவுக்கு இனி என்ரை சாப்பாடு ஒண்டும் செய்யாதுதானே.”