இல்லாத வீட்டை நேரில் பார்க்க வந்த முன்சீப்

இன்னைக்கு அருப்புக்கோட்டை வீடு கட்டுற சங்கத்துக்கு லோனு கேட்டுப் போனேன். யுத்தம் முடிஞ்சதும், சொந்த வீடே இல்லாதவுகளுக்குத்தான் லோனுன்னு அறிவிச்சிருந்தாக. நாங்க குடியிருக்கிற வீட்டைத் தை பிறக்குறதுக்குள்ள காலி பண்ணணும்.

சங்கத்துக் கிளார்க்கு சொன்னாரு: "டீச்சரம்மா, உங்களுக்கு வீடு இல்லைன்னு கிராம முன்சீப்புகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

முன்சீப்பு பேனாவைத் தொடவே இல்லை.

"இருக்கிற வீடுன்னா பார்த்து எழுதிருவேன். இல்லாத வீட்டை எங்க போய்ப் பார்க்க? கண்ணால பார்க்காம நான் கையெழுத்துப் போடுறதில்லை."

எனக்கு வந்த ஆத்திரத்துல, பந்தல்குடி ரோட்டுல நாங்க வாங்கிப் போட்டிருக்கிற மூணு சென்டு மனைக்கே அவரைக் கூட்டிட்டுப் போயிட்டேன். அங்க ஒரு உடைமரம்தான் நிக்குது.

மனுசன் ஓரமா செருப்பைக் கழட்டிட்டு, "உள்ள வரலாமா?"ன்னு கேட்டாரு.

"வாங்கய்யா"ன்னேன். வேற என்ன சொல்ல?

நாலு மூலையும் நடந்து பார்த்துட்டு, 'இவ்விடத்தில் வீடு இல்லை, நேரில் கண்டேன்'னு எழுதிக் கொடுத்தாரு. சந்தோசமா சங்கத்துக்கு ஓடினேன்.

கிளார்க்கு ரெண்டு தடவை வாசிச்சாரு. "இந்த இடத்துல இல்லை, சரி. மத்த இடத்துல?"

திரும்பி வந்து முன்சீப்புகிட்ட சொன்னேன். அவரு கொஞ்சமும் அசரலை. "நியாயமான கேள்விதான். நாளைக்கு மாட்டுவண்டி சொல்லிருங்க"ன்னுட்டாரு.

திருச்சுழி, வீரசோழன் பக்கம் இருக்கிறவுக உடனே தகவல் சொல்லுங்க. உங்க ஊருல எனக்கு எந்தெந்த இடத்துல வீடு இல்லை?