கன்னியம்மாவின் பிளஸ் ஒன் வருடம்

கன்னியம்மா இறந்த செய்தியை அவள் மகன் முருகன்தான் எனக்குச் சொன்னான். ஒரகடத்தில் அவன் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலிருந்து மதிய நேரத்தில் பேசினான். பின்னால் இயந்திரச் சத்தம். "பெரிம்மா, அம்மா பூட்டாங்க. ஆஸ்பத்திரிலேர்ந்து இப்பதான் போன் வந்துச்சி. லைன்ல நின்னுக்கினு கீறேன், சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டுக் கெளம்பணும்" என்றான்.  பிறகு, "உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்" என்றான்.  போனை வைத்த பிறகும் அந்த இயந்திரச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

சிறுநீரகம் பழுதாகி அவள் படுக்கையில் விழுந்து வெகுகாலம் ஆகியிருந்தது. எதிர்பார்த்த சாவுதான். இறுதிச் சடங்குக்கு அஞ்சலகத்தில் அவளோடு வேலை பார்த்தவர்கள் வந்திருந்தார்கள். கவுண்டரில் கோபப்படாமல் பதில் சொன்னவள், பென்ஷன் வாங்க வரும் கிழவிகளை உட்காரவைத்தவள் என்று அவளைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவர்கள் அறிந்த கன்னியம்மாவுக்கு முன்னால் இன்னொரு கன்னியம்மா இருந்தாள். அவளைத் தெரிந்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவள் அநேகமாக நான் ஒருத்திதான். அதனால் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் மண்ணூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் பஸ் ஏறிப்போய்ப் பிளஸ் ஒன் படித்தோம். பிளஸ் டூ என்ற படிப்பே அப்போதுதான் வந்திருந்தது. பிளஸ் ஒன்னில் அரசுப் பரீட்சை கிடையாது. அந்த மதிப்பெண்ணை எந்தக் கல்லூரியும் கேட்காது. எனவே அது ஓய்வெடுக்கும் வருடம் என்று வகுப்பில் பாதிப்பேர் நினைத்தார்கள். கன்னியம்மா அப்படி நினைக்கவில்லை. "அடுத்த வருசம் எல்லாரும் ஓடுவாங்க விஜி. இந்த வருசம் நம்ம ரெண்டு பேர் மட்டும்தான் ஓடிக்கினு இருப்போம்" என்பாள். மேல்வகுப்பு மாணவி ஒருத்தியிடம் பழைய பிளஸ் டூ புத்தகங்களை வாங்கி, இரண்டு வருடப் பாடத்தையும் சேர்த்தே படிக்கத் தொடங்கினோம். அவளுக்கு டாக்டராக வேண்டும். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அவளுடையதை ஆசை என்று சொல்ல முடியாது. நாளை எந்தப் பஸ்ஸில் போவது என்று பேசுவதைப்போல அவள் அதைப் பற்றிப் பேசுவாள்.

அவர்கள் இருளர்கள், பாம்பு பிடிப்பவர்கள் என்று ஊர் சொல்லும் பழங்குடியினர். ஏரிக்கு அப்பால் ஒருவருடைய சவுக்குத் தோப்பில் அவள் அப்பா எல்லப்பன் காவலிருந்தார். தோப்புக்குள்ளேயே குடிசை. விடுமுறை நாள்களில் நான் அங்கே போய்விடுவேன். கன்னியம்மா உதிர்ந்த சவுக்கு இலைகளைக் கையால் ஒதுக்கிவிட்டு, மணலில் குச்சியால் படம் வரைவாள். தவளையின் இதயம், பூவின் நீள்வெட்டு, கணையம், பித்தப்பை. புத்தகத்தைப் பாராமல் வரைந்துவிட்டு, "எங்க தப்பு, சொல்லு" என்பாள். எல்லப்பன் விறகுக் கட்டோடு வரும்போது அந்தப் படங்களை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவார். ஒருமுறை அவர்கள் ஆடு தவளையின் இதயத்தைக் கலைத்துவிட்டது. அன்று அவர் ஆட்டைத் திட்டிய திட்டு இன்னும் எனக்கு மறக்கவில்லை.

எல்லப்பனைப் பற்றி ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அவருக்குப் பாம்பென்றால் பயம். சிறுவயதிலேயே அரிசி ஆலையில் வேலைக்கு விடப்பட்டு, நெல் அவித்தும் காயவைத்தும் வளர்ந்தவர். காட்டுவேலை எதையும் அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. தோப்புக்குள் நடக்கும்போதுகூடத் தடியால் தரையைத் தட்டிக்கொண்டே நடப்பார். ஊரில் யார் வீட்டிலாவது பாம்பு நுழைந்துவிட்டால், இருளர் என்பதற்காக அவரைத்தான் கூப்பிட ஓடிவருவார்கள். அவரும் வருவார். வாசலிலேயே நின்றுகொண்டு, "உள்ள போவாதீங்க, உள்ள போவாதீங்க" என்று மற்றவர்களைத் தடுப்பார். கன்னியம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

காலாண்டுத் தேர்வு முடிந்த சமயம் எங்கள் வகுப்பாசிரியை எங்கள் இருவரையும் தனியாக அழைத்தார். மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிப்பதென்றால் சாதிச் சான்றிதழ் வேண்டும், அதை இந்த வருடமே வாங்கிவிடுங்கள், அடுத்த வருடம் அலைய நேரமிருக்காது என்றார். கன்னியம்மாவிடம், "உனக்கு இது ரொம்ப முக்கியம். பழங்குடியினருக்கு இடம் இருக்கு. கேக்கத்தான் ஆளில்லை" என்றார். அவள் மார்க்குக்கு இடம் நிச்சயம் கிடைக்கும் என்று அவர் நம்பினார். நாங்களும் நம்பினோம்.

என் சான்றிதழை என் அப்பா ஒரே நடையில் வாங்கிவந்துவிட்டார். கன்னியம்மாவின் மனு திரும்பி வந்தது. அப்பாவின் பள்ளிச் சான்று எங்கே என்று கேட்டார்கள். அவர் பள்ளிக்கூடமே போகவில்லை. நிலப் பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். நிலம் ஏது? மறுபடி மனு கொடுத்தாள். ஒரு ஊழியர் விசாரணைக்கு வந்தார். குடிசையையும், கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய பள்ளிச் சீருடையையும் பார்த்தார். "பாத்தா இருளர் வூடு மாதிரியே தெரியலியே" என்று சொல்லிவிட்டுப் போனார். வீடு சுத்தமாக இருந்ததுதான் குற்றம்.

தை மாதத்தில் பெரிய அதிகாரியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். எந்த அலுவலகம், யார் அந்த அதிகாரி என்று நான் எழுதப்போவதில்லை. கன்னியம்மாவும் எல்லப்பனும் போனார்கள். துணைக்கு நானும் போனேன். எல்லப்பன் யாரிடமோ இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வெகுநேரம் நின்ற பிறகு உள்ளே விட்டார்கள். அதிகாரி கன்னியம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எல்லப்பனிடம் கேட்டார்.

"நீ இருளனா?"

"ஆமாங்க சாமி."

"பாம்பு புடிப்பியா?"

"இல்லீங்க சாமி. தெரியாதுங்க."

"அப்புறம் நீ எப்படிய்யா இருளன்?"

பக்கத்தில் நின்ற எழுத்தர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அதிகாரிக்கு உற்சாகம் தந்திருக்க வேண்டும். "போய் ஒண்ணு புடிச்சுக்கிட்டு வா. என் கண்ணால பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

கன்னியம்மா சுவரைக் காட்டினாள். வனவிலங்குகள் பற்றிய அரசு அறிவிப்பு ஒன்று அங்கே ஒட்டியிருந்தது. "சார், பாம்பு புடிச்சா ஜெயிலுன்னு உங்க சுவத்துலயே ஒட்டிக்கீது. எங்கப்பா எதச் செய்யணும்?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டாள். அதிகாரியின் முகம் மாறிவிட்டது. மனுவை ஓரமாகத் தள்ளிவிட்டு, "அடுத்த ஆளக் கூப்புடு" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் எல்லப்பன் இரவல் சட்டை கசங்காதபடி சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பிறகு மகளிடம், "அந்த நோட்டீசுல மெய்யாலுமே ஜெயில்னு போட்டுக்கீதா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"புடிச்சி காட்டிட்டு உட்டுட்டா?"

கன்னியம்மா சிரித்துவிட்டாள். "உனுக்கு இன்னாப்பா பைத்தியமா? அவரு கிண்டல் பண்றாரு. வேற ஆபீசர் வருவாரு, பாத்துக்கலாம்" என்றாள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மாசி மாதம் ஒரு காலையில் நாங்கள் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தபோது, மாடு மேய்க்கும் ஒருவர் ஏரிப் பக்கமிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தார். எல்லப்பன் ஏரிக்கரையில் விழுந்து கிடந்தார். கரையில் ஒரு வளை கடப்பாரையால் தோண்டப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு புது மண்பானை, அதன் வாயைக் கட்ட ஒரு துணி, கொஞ்சம் கயிறு. பானை காலியாக இருந்தது. வலது கை முழங்கை வரை வீங்கியிருந்தது. ஒரு லாரியை நிறுத்தி ஏற்றினோம். செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. லாரியில் கன்னியம்மா அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். அவருக்கு அப்போது கொஞ்சம் நினைவிருந்தது. "காட்டிட்டு உட்டுடலாம்னு பாத்தேன்மா" என்று மட்டும் சொன்னார்.

சாவு வீட்டில் ஊரார் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "இருளனையே பாம்பு கடிச்சிடுச்சே" என்று ஆச்சரியப்பட்டார்கள். சிலர் ஆச்சரியத்தைத் தாண்டி ரசிக்கவும் செய்தார்கள். அதுவரை அழாமல் உட்கார்ந்திருந்த கன்னியம்மா எழுந்து நின்றாள். "எங்கப்பாக்குப் பாம்பு புடிக்கத் தெரியாது. ஒருத்தருக்கும் அது புரியலியா? தெரியாதுன்னு அவரு சொன்னாரு. தெரியாதுன்னு சொன்னாரே!" என்று கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு தோப்புக்காரர் வேறு காவலாளை வைத்தார். குடிசையைக் காலி செய்துவிட்டு, கன்னியம்மாவும் அவள் அம்மாவும் தம்பியும் வல்லம் வடகால் பக்கத்தில் உறவினர்களோடு போய்த் தங்கினார்கள். அம்மாவோடு கன்னியம்மாவும் செங்கல் சூளைக்குப் போகத் தொடங்கினாள். பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வை அவள் எழுதினாள். வகுப்பாசிரியை அவர்கள் இருந்த இடத்துக்கே போய்க் கூட்டிவந்து எழுதவைத்தார். ஆனால் நாங்கள் இருவர் மட்டும் ஓடிக்கொண்டிருந்த அந்த ஓட்டம் அதோடு நின்றுவிட்டது.

கோடை விடுமுறையில் அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக ஒருவர் வந்தார். வகுப்பாசிரியை சொல்லி நானும் கன்னியம்மாவும் மறுபடியும் போனோம். புதியவர் எங்களை உட்காரச் சொன்னார். அக்கம்பக்கத்தாரின் வாக்குமூலத்தைப் படித்தார். கன்னியம்மாவிடம் இரண்டொரு கேள்வி கேட்டார். பாம்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "இதுக்கா இவ்ளோ நாள் அலைஞ்சீங்க?" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. வெளியே வந்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள், "அப்பா கொஞ்சம் பொறுத்திருக்கலாம்டி" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். 

பிளஸ் டூ வருடத்தில் பாதி நாள் அவள் சூளையில் இருந்தாள். வரும் நாள்களில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கிவிடுவாள். ஆசிரியைகள் எழுப்பமாட்டார்கள். தேர்வில் தேறினாள். உயிரியலில் மட்டும் என்னைவிட அதிகம். மற்றப் பாடங்களில் மருத்துவத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண்கூட வரவில்லை. இடம் காலியாகத்தான் இருந்திருக்கும். அவளுக்கு இல்லை. எனக்கும் மருத்துவம் கிடைக்கவில்லை. காஞ்சிபுரத்தில் தாவரவியல் படித்து, பிறகு கல்லூரி ஆசிரியை ஆனேன். எனக்கு அது பெரிய துக்கமாக இருக்கவில்லை. நான் நன்றாகப் படித்தும் கிடைக்காமல் போனது. அவளைப் படிக்கவே விடவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

சில வருடங்கள் கழித்து அவள் அஞ்சல் துறைத் தேர்வு எழுதி வேலைக்குச் சேர்ந்தாள். தம்பியைக் கரையேற்றினாள். கல்யாணம் செய்துகொண்டாள். முருகன் பிளஸ் ஒன்னில் சேர்ந்த வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு போய், அவனுக்கான சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வாங்கி முடித்தாள். அவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை. ஐ.டி.ஐ. போதும் என்றான். நான் வருத்தப்பட்டபோது அவள், "வுடு விஜி. அவனுக்கு வாணாம்னு அவனே சொல்றான். யாரும் அவன வாசல்ல நிக்கவச்சி இல்லன்னு சொல்லலியே. எனக்கு அது போதும்" என்றாள்.

இத்தனை வருடங்களில் அந்தக் காலத்தைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. பேசத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று இருவருக்கும் தெரியும். போன மாதம் மருத்துவமனையில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். ரத்தம் சுத்திகரிக்கும் கருவியோடு கையை இணைத்திருந்தார்கள். ஒரு இளம் பெண் மருத்துவர் வந்து அவளைப் பரிசோதித்துவிட்டுப் போனார். அந்தப் பெண் கதவைத் தாண்டும்வரை கன்னியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எல்லாம் நல்லதுக்குத்தான், அஞ்சலகத்தில் எத்தனை பேருக்கு உதவியாக இருந்தாய் என்று ஏதோ தொடங்கினேன்.

அவள் என்னை நிறுத்தினாள்.

"நானு டாக்டரா ஆயிருப்பேன் விஜி" என்றாள். "நல்ல டாக்டரா ஆயிருப்பேன்."

அதில் ஏக்கம் இல்லை, கோபம்கூட இல்லை. உண்மை என்னவோ அதைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இரங்கல் சொல்ல வந்த ஒருவர் சுடுகாட்டில் என்னிடம், "விதிச்சத ஏத்துக்கிட்டு நிம்மதியா வாழ்ந்தாங்க மேடம்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. அவளைத் தெரிந்தவர்களே, இங்கே மறுக்கிறேன். அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. யாரையும் தொந்தரவு செய்யாமல், ஒரு நாளும் ஏற்றுக்கொள்ளாமல் வாழ்ந்து முடித்தாள். தனக்கு என்ன மறுக்கப்பட்டது என்பதைக் கடைசிவரை சரியாகத் தெரிந்து வைத்திருந்தாள். படுக்கையிலிருந்து அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை, கூட்டாமல் குறைக்காமல், நான் வைத்திருக்கிறேன்.