இடப்பக்கத்துப் பை

எங்கள் பேட்டையான காக்ஸ் டவுனில் எந்த வீட்டில் சண்டை, எந்தப் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட எனக்குச் சவரிமுத்து போய்விட்ட செய்தி கடைசியாகத்தான் வந்தது. சலூனில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டிருந்தேன். பாதித் தலை முடிந்திருந்தது. "உங்க மோட்டார் சைக்கிள் சிநேகிதர் காலையில போயிட்டாராமே சார், நெஞ்சுவலியாம்" என்றார் கடைக்காரர். அப்படியே எழுந்து ஓடினேன். சவப்பெட்டியைச் சுற்றி நின்ற நீங்கள் எல்லோரும் என் தலையைப் பார்த்தீர்கள். சவரி பார்த்திருந்தால், "ஒரு பக்கம் பாரம் ஜாஸ்தியாயிருக்குதே" என்றிருப்பார்.

யுத்தத்தின்போது நாங்கள் இருவரும் லிபியாப் பாலைவனத்தில் இருந்தோம். அவர் மோட்டார் சைக்கிளில் தபாலும் மருந்தும் கொண்டுபோகிறவர். நான் ஆஸ்பத்திரிக் கிடங்கில் குமாஸ்தா. வீட்டுக்குப் போட்ட கடிதங்களில் பீரங்கிகளுக்கு நடுவே நின்றேன். நிஜத்தில் பஞ்சுக்கட்டுகளுக்கு நடுவே நின்றேன்.

சவரி வண்டியில் சாமான் கட்டுவது, சம்பந்தி வீட்டுக்குச் சீர் அனுப்புகிற மாதிரி இருக்கும். கான்வாஸ் பைகள் இரண்டையும் இரு கையிலும் தூக்கி எடை பார்ப்பார். கனமானது அடியில். முதுகில் எதுவும் கட்டமாட்டார். மருந்தோ தண்ணீரோ, எதையும் ஒரே பையில் வைக்கமாட்டார். இதில் பாதி, அதில் பாதி. வழியில் நிற்கிற இடத்திலெல்லாம் வாரை இழுத்துப் பார்ப்பார். "நாம மறந்தாலும் ரோடு மறக்காது. குலுக்கிக் குலுக்கி அவிழ்த்துடும்" என்பார்.

முன்னணி முகாமில் நம் பக்கத்துப் பேட்டை லிங்கராஜபுரத்து அந்தோணி, லாரி டிரைவர், கால் அழுகி ஜுரத்தில் கிடந்தான். அங்கே ஊசி மருந்து தீர்ந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் வராவிட்டால் பிழைக்கமாட்டான் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். ஆம்புலன்ஸ்கள் எல்லாம் வேறு பக்கம் போயிருந்தன. சவரி கிளம்பினார். மருந்தை ஒப்படைக்க என்னையும் பின்னால் ஏற்றிவிட்டார்கள்.

சாலையின் இருபுறமும் கண்ணிவெடி. அதற்கு எல்லையாக வெள்ளை நாடா கட்டியிருந்தார்கள். தார் மேல் அங்கங்கே மணல் ஏறிக் கிடந்தது. எதிரே வந்த லாரி ஒன்று, குழிக்கு ஒதுங்குகிறேன் என்று எங்கள் மேலேயே வந்தது. உரசிக்கொண்டு போனதில் அதன் கொக்கி எங்கள் இடது பையைப் பிடுங்கி, நாடாவுக்கு அப்பால் எறிந்துவிட்டது. சவரி வண்டியை எப்படி நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. கண்ணை மூடியிருந்தேன்.

"பக்கத்துலதான் கிடக்குது சவரி. எட்டி எடுத்துட்டு வந்துடறேன்."

"பேடப்பா, வேணாம்" என்றார், கன்னடமும் தமிழுமாக.

"பாதி மருந்து அதுலதான்யா இருக்குது!"

"மீதிப் பாதி இங்க இருக்குது. நீ அங்க செதறிக் கிடந்தா, நான் அந்தோணிகிட்டப் போறதா, உன்னைப் பொறுக்கறதா? நமக்கு இருக்கிறது ஒரே வண்டி."

இனி வண்டி வலப்பக்கமே இழுக்கும். மணலில் அப்படி இழுத்தால் நேரே நாடாவுக்குள். அவர் மீதிப் பையைத் திறந்து, தண்ணீர் டின்னையும் ஸ்பானர்களையும் எடுத்து என் இடது தோளில் மாட்டினார்.

"இனிமே நீதான் இடப்பக்கத்துப் பை. பை பேசாது. பை திரும்பிப் பார்க்காது. நான் சாஞ்சா கூடச் சாயும், அவ்வளவுதான்."

"மூச்சு விடலாமா?"

"கம்மியா விடு."

மணல் வந்தது. அவர் பிரேக்கைத் தொடவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முன்சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்சக்கரம் நெளிந்தது. வெள்ளை நாடா என் முழங்காலுக்குக் கிட்டே வந்தது, விலகியது, மறுபடி வந்தது. எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்; அவர் பக்கத்து மாதாவையும் விடவில்லை. வாயைத் திறக்காமல்தான்.

முகாமில் டாக்டரே ஓடி வந்து புட்டிகளை வாங்கினார்.

"போதுமா சார்?" என்று கேட்டார் சவரி.

"இன்னிக்குப் போதும். நாளைக்கு மறுபடியும் வேணும்."

"கொண்டாரேன்."

டாக்டர் உள்ளே போன பிறகும் சவரி வண்டியை விட்டு இறங்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்த விரல்கள் விறைத்துப்போய் விரியவே இல்லை. தோள் வரைக்கும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன்.

"ஊர்ல போய் இதைச் சொல்லிடாதே" என்றார்.

சொல்லவில்லை. என் வாய்க்கு அது பெரிய சாதனை. ஆனால் அடக்கத்தன்று, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து அந்தோணி சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தபோது, "பயம்னா என்னன்னே தெரியாத மனுஷன்" என்று உங்களில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினீர்கள். அதைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை.

பயம் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் மறுநாள் விடிந்ததும் இரண்டு பைகளையும் கட்டிக்கொண்டு அதே சாலையில் போனார். அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது, என் கைக்குள் மெல்ல மெல்ல விரிந்த அந்த விரல்களைத்தான்.