கடைசி அரை மில்லி

அக்கா மாதத்துக்கு நாலு கிடார் செய்வாள். ஐந்தாவது கேட்டால் "அடுத்த மாசம் வாங்க" என்பாள். பன்னிரண்டு வருடமாக இதே பல்லவி. அவளிடம் ஒரு இசைப்பள்ளி நாற்பது கேட்டது, நாலு மாதத்தில். ஒன்று சோடை போனாலும் மொத்தமும் திரும்பி வரும். அக்கா சரி என்றாள். மாமா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லையே."

மரத்தை அளவாக அறுத்து இழைக்கும் மெஷின் வாடகைக்கு வந்தது. மாமாதான் ஓட்டினார்.

"மேல்பலகை எத்தனை கனம்?"

அக்கா விழித்தாள். அவள் அளந்ததே இல்லை. பழைய கிடார் ஒன்றை அளந்து, "ரெண்டரை மில்லி" என்றாள். ஒரு நாள் முழுக்க அவள் இழைக்கும் பலகையை மெஷின் இரண்டு நிமிடத்தில் துப்பியது.

முதல் ஆறுக்குக் கம்பி பூட்டி மீட்டினாள். ஒன்று பேசியது. ஐந்து, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு முனகின.

"அளவு கரெக்டா இருக்கேம்மா."

"அளவு மட்டுந்தாங்க கரெக்டா இருக்கு."

இரண்டு நாள் மெஷின் ஓடவில்லை. ஆர்டரைத் திருப்பிவிடுவாள் என்றே நினைத்தேன். அவளோ மிச்சப் பலகைகளை ஒவ்வொன்றாகக் காதருகே தூக்கி, விரல்முட்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று முறுக்காக ஒலித்தது, இன்னொன்று தொளதொளவென்று. இத்தனை காலமும் தட்டித் தட்டி, மரம் போதும் என்கிறபோதுதான் இழைப்புளியைக் கீழே வைத்திருக்கிறாள். எல்லா மரமும் ஒரே கனத்தில் போதும் என்பதில்லை.

"மூணு மில்லியில நிறுத்துங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"கழுத்து? பக்கப்பலகை?"

"அதெல்லாம் மெஷினே செய்யட்டும். என் முதுகாவது மிஞ்சும்."

முனகிய ஐந்தின் மேல்பலகையையும் பெயர்த்து, புதிதாக ஒட்டினாள். பெயர்த்ததில் ஒன்றை மாமா டீத்தட்டாக்கிக்கொண்டார்.

நாற்பதும் வரிசையாக நின்ற அன்று பள்ளியின் வாத்தியார் வந்தார். எதற்கும் முகம் சுளிப்பவர்; நாங்கள் வைத்த பெயர் 'எலுமிச்சை'. ஒவ்வொன்றாக மீட்டி "உம்" என்றார். பதினேழாவதில் நிறுத்தினார். அக்கா முந்தானையைக் கசக்கினாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் ஒரு பாட்டை முழுசாக வாசித்தார்.

நாற்பதும் முடிந்தது.

"இதுல மெஷின் செஞ்சது எது?"

"நாப்பதும் சார்" என்றாள் அக்கா.

"கையால செஞ்சது?"

"நாப்பதும்."

சுளிப்பு அவிழ்ந்தது. "அடுத்த வருஷம் எண்பது வேணுமே?"

"தாராளமா" என்று மாமா முந்திக்கொண்டார்.

அக்கா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.