யாருக்கும் ஒட்டாது

பெரியம்மாவை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சரவணம்பட்டியில் அவர் கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசத்தன்று எனக்குப் பத்து வயது.

அம்மாவுக்கு உள்ளங்கையிலும் பாதத்திலும் சீழ்க் கொப்புளங்கள் வரும், காய்ந்து உரியும், மறுபடி வரும். கூடவே கழுத்தெலும்பை ஒட்டி நெஞ்சில் வலி. சில நாள் எனக்குத் தலை பின்னிவிடக்கூடக் கையைத் தூக்க முடியாது. தோல் டாக்டர் கைக்குக் களிம்பு கொடுத்தார். நெஞ்சுவலிக்குப் போன இடத்தில் ஈசிஜி எடுத்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பந்தியில் சாம்பார் வாளியை எடுத்த அம்மாவை, கூடப்பிறந்த அக்காவே தடுத்தார்.

"இந்தக் கையோட நீ பரிமாறாத அம்மணி. சனம் சாப்பிடாம எந்திரிச்சுப் போயிரும்."

எல்லார் காதிலும் விழுந்தது. பிறகு, யார் கண்ணிலும் படாத வேலையாக, பின்பக்கமிருந்த தண்ணீர் கேன்களை மாடிக்கு ஏற்றச் சொன்னார். அம்மா ஒன்றைத் தூக்கினாள். பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டரே நெஞ்சுல ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாரு. அப்புறம் எதுக்கு இந்த நடிப்பு?" என்றார் பெரியம்மா.

"முடியலீங்க்கா," என்றாள் அம்மா.

நான் போய்ச் சாம்பார் வாளியை எட்டி உதைத்தேன். புது டைல்ஸ் தரையெல்லாம் சாம்பார். பெரியம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். தரையைத் துடைத்தது அம்மாதான், அந்தக் கையாலேயே. அதற்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது பேருந்தில் நெரிசல். பிடித்துக்கொள்ளச் சொல்லி அம்மா கையை நீட்டினாள். நான் அந்தக் கையைத் தொடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் பீளமேட்டில் ஒரு மூட்டு டாக்டர் அம்மாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கழுத்தெலும்பு நெஞ்சோடு சேரும் இடத்தை அழுத்தினார். அம்மா துடித்துப்போனாள். ஸ்கேனையும் பார்த்துவிட்டு, "கையில வர்றதும் நெஞ்சுல வலிக்கறதும் ஒரே சீக்குதானுங்கம்மா. மருந்து இருக்குது. இது யாருக்கும் ஒட்டாது," என்றார்.

"ஒட்டாதுன்னு தமிழ்ல எழுதிக் குடுங்க சார்," என்றாள் அம்மா.

எழுதிக் கொடுத்தார். அதைப் பெரியம்மாவின் முகத்தில் வீசப்போகிறோம் என்று எனக்கு ஒரே ஆவேசம். வெளியே வந்ததும் அம்மா தாளை மடித்து என்னிடம் நீட்டினாள்.

"நீ படிச்சுப் பாரு கண்ணு."

படித்தேன். பெரியம்மாவிடம் காட்ட வேண்டியதை என்னிடம் எதற்குத் தருகிறாள் என்று, அம்மா மேலேயும் எனக்குக் கோபம் வந்தது.