சம்மனசு வேலை

திண்டிவனத்தில் பள்ளி, விழுப்புரத்தில் இன்ஜினியரிங், அப்புறம் பால்காரர்களுக்கென்று ஒரு ஆப். அதைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிக்கொள்ள, வந்த பணத்தை இனியவன் இப்போது மற்றவர்களின் புதுக் கம்பெனிகளில் போடுகிறான். அதை அம்மா சவுரியம்மாளுக்கு விளக்கப் போனதுதான் அவன் செய்த முட்டாள்தனம்.

"இதுக்கு ஏஞ்சல் இன்வெஸ்டர்னு பேரும்மா."

ஏஞ்சல் என்றால் அவளுக்குத் தெரியாதா? மாதா கோயிலில் தேவதூதரைச் சம்மனசு என்பார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள், "எம் மவன் சம்மனசு வேலை பாக்குறான்."

அன்றைக்குப் பிடித்தது சனி. போர்வெல் போடப் பணம் கேட்டு ஒருவர், காதுகுத்துக்குக் கேட்டு ஒருவர். "சம்மனசுத் தம்பி இருக்குதா?" என்று வாசலில் குரல் கேட்டாலே இனியவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். பேசாமல் பெங்களூருக்கே போய்விடலாம் என்று மூட்டை கட்டும் நிலைக்கு வந்துவிட்டான்.

இந்த லட்சணத்தில் உருப்படியாக வந்தவள் ஓமந்தூர் கலைப்பிரியா ஒருத்திதான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடியிலிருந்து காய் பிரிக்கும் மிஷினைப் போனிலேயே வாடகைக்கு எடுக்க வழி செய்திருந்தாள். இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு கம்பெனி கிடைக்காதா என்றுதான் அவன் தவம் கிடந்தான். இதை விட்டால் அவனுக்கு இங்கே வேலையே இல்லை.

"பணம் போடுறேங்க. கம்பெனியில அஞ்சுல ஒரு பங்கு எனக்கு."

காபி கொண்டுவந்த சவுரியம்மாள் டம்ளரை நங்கென்று வைத்தாள். "சம்மனசு எங்கனா பங்கு கேக்குமாடா? வெக்கமா இல்ல? நீ சும்மாவே வாங்கிக்கினு போம்மா, நான் சொல்றேன்."

இனியவன் தலையில் அடித்துக்கொண்டான். கெட்டது காரியம். பெற்ற தாயே இப்படிச் சொன்னபிறகு எவள் பங்கு தருவாள்?

"சும்மா வேணாங்கம்மா" என்றாள் கலைப்பிரியா. "சும்மா குடுத்தவங்க நாளைக்கு நஷ்டம்னா போனை எடுக்க மாட்டாங்க. பங்கு இருந்தாத்தான் கூட நிப்பாங்க."

"அப்ப இவன் சம்மனசு இல்லியா?"

"இல்லம்மா, பங்காளி."

சவுரியம்மாளுக்கு அது நன்றாகவே புரிந்தது. "பங்காளின்னா சண்டை வருமே, பொண்ணு!"

"வரட்டும்மா. ரெண்டு வருசமா தனியா ஓட்டிக்கினு இருக்கேன். சண்டை போடக்கூட எனக்கு ஒரு ஆளு இல்ல."

இனியவனின் எரிச்சல் அப்படியே அடங்கிப்போனது. ஆப் நடத்திய காலத்தில் அவனும் அப்படித்தான் கிடந்தான், யாரிடமும் சொன்னதில்லை.

"நாளைக்கே ஓமந்தூர் வர்றேங்க" என்றான்.